பேருக்கு முன்னால்

தம்பி, கொஞ்சம் அந்தப் பக்கம் நகர்ந்துகொள்ளுங்கள். இந்தப் பெட்டியை ஜன்னல் ஓரம் வைத்தால் வெயில் படும். வெயில் இதற்கு ஆகாது. எனக்கு ஆகும். நான் அருப்புக்கோட்டை வெயிலில் காய்ந்த உருப்படி.

என்ன பார்க்கிறீர்கள்? வேட்டியில் சுற்றி, மேலே துண்டால் கட்டியிருக்கிறேன், அதுதானே? மாட்டுத்தாவணியில் ஏறும்போது கண்டக்டரும் இப்படித்தான் பார்த்தார். "பெரிசு, இதுக்கு லக்கேஜ் போடணும்" என்றார்.

"லக்கேஜா? குலதெய்வம் சாமி. வைத்தியத்துக்கு மதுரை வரைக்கும் கூட்டிட்டுப் போயிட்டுத் திரும்புறேன். டிக்கெட் போட்டீங்கன்னா கோவிச்சுக்கிட்டு இறங்கிரும். போன தடவை அது இறங்குன பஸ்ஸு இன்னும் வலையங்குளத்துலதான் நிக்குது" என்றேன்.

மனிதர் கன்னத்தில் போட்டுக்கொண்டு போய்விட்டார். பார்த்தீர்கள் இல்லையா?

உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். படித்தவர் மாதிரி தெரிகிறீர்கள். இது கம்ப்யூட்டர். படம் தெரியுமே, அந்தப் பாகம் கடையில் இருக்கிறது. இது மூளை இருக்கிற பெட்டி. பையன் வாங்கிப் போட்டது. பையனா? சிங்கப்பூரில் இருக்கிறான். இளம்பரிதி என்று பேர். கப்பல் கம்பெனி. அவன் கையெழுத்துப் போடாமல் அங்கே ஒரு கப்பல் கரையை விட்டு நகராது. தண்ணீரே அவனைக் கேட்டுக்கொண்டுதான் ஏறி இறங்கும்.

நான் சுந்தரமகாலிங்கம். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் போஸ்டர் கடை. கல்யாணப் பத்திரிகை, காதணி விழா, கண்ணீர் அஞ்சலி எல்லாம் நம்மிடம்தான். முப்பது வருஷம். ஊரில் யார் பிறந்தாலும், யார் சமைந்தாலும், யார் போனாலும் முதலில் எனக்குத் தெரியும். சில சமயம் போகிறவருக்கே அப்புறம்தான் தெரியும்.

சிரிக்காதீர்கள், நடந்தது. நூல்கடை சங்கரபாண்டி என்று ஒருவர். பேத்தி காதுகுத்துக்குப் பத்திரிகை அடித்தோம். அன்றைக்கு மூன்று கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடித்த கை, தம்பி. அதே ஓட்டத்தில் அவர் பேருக்கு முன்னாலும் 'அமரர்' என்று தட்டிவிட்டது. அமரர் சங்கரபாண்டி அவர்களின் பேத்தி. ஐந்நூறு பத்திரிகை. பெரியவர் கம்போடு கடைக்கு வந்துவிட்டார். "எலேய், நான் எப்படா செத்தேன்?" என்று கேட்டார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அண்ணாச்சி, எமன் உங்க பேரைத் தேடி வருவான். ஏற்கெனவே அமரர்னு போட்டிருக்கேன்னு பார்த்துட்டு, வேலை முடிஞ்சிருச்சுன்னு திரும்பிப் போயிருவான்" என்றேன். இன்றைக்கும் உயிரோடு இருக்கிறார். தொண்ணூற்றெட்டு வயசு. பல் கூட மறுபடி முளைக்கிறதாகக் கேள்வி.

அந்த வித்தை மட்டும் நிஜமாக இருந்திருந்தால் என் பையனுக்குப் பிறந்த அன்றைக்கே... சரி, அதை விடுங்கள்.

நம் தொழிலே பேருக்கு முன்னால் என்ன போடுகிறோம் என்பதில்தான் இருக்கிறது. கல்யாணம் என்றால் திருநிறைச்செல்வன். பொண்ணு வயசுக்கு வந்தால் செல்வி. கட்சிக்காரர் என்றால் பேருக்கு முன்னால் ஒரு முழ நீளத்துக்கு ஏதாவது போட வேண்டும், குறைந்தால் சண்டைக்கு வருவார். போய்விட்டால் அமரர். இதில் தப்பு வந்தால் கடையை மூட வேண்டியதுதான். பேரில் பிழை இருந்தால்கூட மன்னிப்பார்கள், முன்னால் போடுகிறதில் பிழை இருந்தால் மன்னிக்க மாட்டார்கள்.

பையன் கம்ப்யூட்டர் படித்தவன். படித்து முடித்ததும் சென்னைக்குப் போ என்றேன். போகவில்லை. கடையில் நான் வைத்திருந்த பழைய கம்ப்யூட்டர் வைரஸ் வந்து படுத்துக்கொண்டது. அதைத் தூக்கிப் போட்டுவிட்டு இந்தப் பெட்டியைப் பாகம் பாகமாக வாங்கி மாட்டினான். உள்ளே போட்டதெல்லாம் காசில்லாத சாஃப்ட்வேர். திருட்டு இல்லை, சும்மாவே கொடுப்பார்களாம். போஸ்டர் வடிவமைக்கிற ஒன்று. அதைக்கூட ரெடியாக வாங்கவில்லை. "மாவா வாங்குனா எவன் அரைச்சதோ தெரியாதுப்பா. நெல்லா வாங்கி நாமளே அரைச்சிரலாம்" என்றான். மூலத்தை வாங்கி இவனே கட்டினான்.

கட்டுகிறது எப்படி என்கிறீர்கள்? முதலில் கான்ஃபிகர் என்று ஒன்று. அதைத் தட்டினால் பெட்டி தானாகவே கேள்வி கேட்டுத் தானாகவே பதில் சொல்லும். அது இருக்கா, இருக்கு. இது இருக்கா, இருக்கு. அது இருக்கா, இல்லை. பொண்ணு பார்க்கப் போன வீட்டில் நம்ம பெரியம்மா அடுப்படி வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டு வருவாளே, அந்த மாதிரி. பிறகு மேக். அது அரை மணி நேரம் அரைக்கும். கடைசியில் மேக் இன்ஸ்டால். அப்போதுதான் கொண்டுபோய்க் குடிவைக்கும்.

"எங்க குடிவைக்கணும்னு முதல்லயே சொல்லிரணும்பா. அதுக்குப் பேரு ப்ரீஃபிக்ஸ். நம்ம இனிஷியல் மாதிரி, எல்லாத்துக்கும் முன்னால நிக்கும். நாம ஒண்ணும் சொல்லலைன்னா அது பாட்டுக்குப் பொது இடத்துக்குப் போயிரும்" என்றான்.

"போகட்டுமே."

"பொது இடத்துல கை வைக்கணும்னா உங்க பாஸ்வேர்ட் வேணும்."

ஆமாம் தம்பி, பாஸ்வேர்ட் என்னிடம்தான் இருந்தது. கடை உங்களது, சாவியும் உங்களிடமே இருக்கட்டும் என்று அவன்தான் என்னைத் தட்டச் சொன்னான். அவனைச் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்கச் சொல்லிவிட்டுத் தட்டினேன். சிரித்துக்கொண்டே நின்றான். நல்ல பையனாக இருந்தான்.

என்ன, இருந்தான் என்றா சொன்னேன்? சிங்கப்பூர் போகிறதுக்கு முன்னால் என்ற அர்த்தத்தில் சொன்னேன். நீங்கள் கூர்மையான ஆளாக இருக்கிறீர்கள்.

அன்றைக்கு மூன்று தடவை வந்து கேட்டான். நான் பத்திரிகைக்குப் பிழை பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் தடவை, "மனு எழுதிக் குடு, பரிசீலனை பண்றேன்" என்றேன். இரண்டாவது தடவை, "அதிகாரி மதியச் சாப்பாட்டுக்குப் போயிருக்கார்" என்றேன். மூன்றாவது தடவை வந்தபோது கொஞ்சம் கோபம் வந்துவிட்டது. காலையில்தான் என் மச்சினன் போன் பண்ணி, அவன் பையனுக்குச் சென்னையில் வேலை கிடைத்ததை ஒரு மணி நேரம் அளந்திருந்தான். அந்த எரிச்சல். "கடையில பொது இடம்னு ஒண்ணு கிடையாதுடா. எல்லாம் என் இடம். உன் சரக்கை உன் பேருலயே வச்சுக்க. நாளைக்கு நீ கிளம்பிப் போனா அள்ளிட்டுப் போக வசதியா இருக்கும்" என்றேன்.

தமாஷுக்குத்தான் சொன்னேன். என் பேச்சே அப்படித்தான், ஊருக்கே தெரியும்.

அவன் "சரிப்பா, என் பேருலயே வச்சுக்கறேன்" என்றான். போய் உட்கார்ந்து தட்டினான். அடைவு என்று ஒன்று திறந்தான். நான் விடுவேனா? "அடைவா? பரதநாட்டியமா ஆடப் போற?" என்று கேட்டேன். சாமான் வைக்கிற அறை மாதிரி, கம்ப்யூட்டரில் அதற்குத் தமிழில் அடைவு என்று பேராம். அந்த அடைவுக்கு அவன் வைத்த பேர் சு.இளம்பரிதி. தமிழிலேயே. சு என்றால் நான். சுந்தரமகாலிங்கம்.

எஸ் என்று போட்டால் அவனுக்குப் பிடிக்காது. நம்ம அப்பா பேரில் எஸ் எங்கே இருக்கிறது என்று கேட்பான்.

போன வருஷம் அவனுக்குக் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடித்தவன் எஸ் என்றுதான் போட்டான்.

...

தண்ணீர் இருக்கிறதா தம்பி? கொடுங்கள். போதும். போதும், இந்தாருங்கள்.

சிங்கப்பூரும் இல்லை, கப்பலும் இல்லை. மூன்று நாள் காய்ச்சல், அவ்வளவுதான். இருபத்தேழு வயசு. ஒரு திருநிறைச்செல்வன் போட்டுப் பார்க்கவில்லை. பொண்ணு ஜாதகம் இரண்டு வந்திருந்தது. பத்திரிகைக்கு எழுத்துக்கூட நான் மனசுக்குள் தேர்ந்தெடுத்து வைத்திருந்தேன். அன்றைக்கு எனக்குக் கை ஓடவில்லை. தெருமுனைக் கடைக்காரன் அடித்தான். நல்லவன்தான், இரண்டு மணி நேரத்தில் அடித்து அவனே ஆள் வைத்து ஒட்டினான். ஆனால் எஸ்.இளம்பரிதி. பஸ் ஸ்டாண்டு சுவர் முழுக்க எஸ். என் வீட்டுக்காரி அன்னபாக்கியம் அந்தச் சுவரைப் பார்த்துத்தான் அழுதாள். "உங்க பேரையும் சேத்து எடுத்துட்டுப் போயிட்டானே" என்றாள்.

நாளை மறுநாள் வருஷம் திரும்புகிறது. முதலாம் ஆண்டு நினைவஞ்சலி. அன்னபாக்கியம் ஒரே வார்த்தைதான் சொன்னாள்: "இந்தத் தடவை நம்ம கடையில, அவன் பண்ணி வச்சதுலயே, நீங்க உங்க கையால பண்ணணும்." வேறு எதையும் அவள் என்னிடம் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் நான் கதை சொல்லிச் சமாளித்திருப்பேன். இதற்குக் கதை சொல்ல முடியவில்லை.

முந்தாநாள் உட்கார்ந்தேன். ஒரு தாளில் விஷயத்தை எழுதினேன். அமரர் சு.இளம்பரிதி. தோற்றம் இன்ன தேதி, மறைவு இன்ன தேதி. ஊரில் எத்தனை பேருக்கு எழுதினவன் நான்! அவன் படத்தைத் தேடிக் கம்ப்யூட்டருக்குள் போனபோது அந்த அடைவு கண்ணில் பட்டது. சு.இளம்பரிதி. வெறுமனே நின்றது. உயிரோடு இருக்கிறவன் பேர் மாதிரி.

இதற்குமேல் நான் என்ன செய்தேன் என்பது எனக்கே சரியாகத் தெரியவில்லை தம்பி. முப்பது வருஷம் பிழை திருத்தின கை. போனவர் பேர் மொட்டையாக நின்றால் அது பிழை. பக்கத்துத் தாளில் அமரர் இருக்கிறது, இங்கே இல்லை. இரண்டு இடத்திலும் ஒரே மாதிரி இருக்க வேண்டாமா? பேரை மாற்று என்று ஒரு வசதி இருக்கிறது. அதை அமுக்கி, முன்னால் 'அமரர்' என்று தட்டி, ஒரு இடைவெளியும் விட்டேன். முறையாக.

அப்புறம் போஸ்டர் சாஃப்ட்வேரைத் திறந்தேன். திறக்கவில்லை. மறுபடி அமுக்கினேன். திறக்கவில்லை. காரியம் முடிந்து கடையைத் திறந்ததிலிருந்து பதினோரு மாதமாக ஒரு நாள் தவறாமல் திறந்தது. அவன் போன பிறகு ஊரில் அத்தனை பேருக்கும் அதில்தான் அடித்தேன். அவனுக்கு அடிக்க உட்கார்ந்த அன்றைக்குத் திறக்க மாட்டேன் என்கிறது.

உள்ளூர் மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். பார்த்தான். "அய்யா, இது என்னமோ நாட்டு வைத்தியம் மாதிரி இருக்கு. எல்லாத்தையும் அழிச்சுட்டுப் புதுசாப் போட்டுறலாம்" என்றான். எல்லாத்தையுமா என்றேன். எல்லாத்தையும் என்றான். அவன் கையைப் பிடித்து வெளியே விட்டுவிட்டு வந்தேன்.

இளம்பரிதியோடு படித்த பொண்ணு ஒன்று மதுரையில் இருக்கிறது. நிலோஃபர். ஒரு காலேஜில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிற வேலை. காரியத்துக்கு வந்திருந்தது. போன் பண்ணினேன். "அப்பா, பெட்டியை அப்படியே தூக்கிட்டு வாங்க, யாரையும் தொட விடாதீங்க" என்றது. அதனால்தான் இன்றைக்கு இந்தச் சாமி ஊர்வலம்.

மாட்டி, போட்டுப் பார்த்தது. கறுப்புத் திரையில் ஏதோ தட்டியது. பெட்டி தமிழில் பதில் சொன்னது. அவன்தான் தமிழில் பேசும்படி வைத்திருந்தான். 'அப்படியொரு கோப்போ அடைவோ இல்லை.'

"ஏதாச்சும் மாத்துனீங்களாப்பா?"

"நானா? ஒண்ணுமே தொடலையே. தூசி தட்டுனேன், அவ்வளவுதான்."

வாயைத் திறந்தால் பொய்தான் முதலில் வருகிறது. பழக்கம்.

அது அடைவுகளின் பட்டியலைக் கேட்டது. வந்தது. மேலிருந்து கீழே படித்துக்கொண்டே வந்த பொண்ணு ஒரு இடத்தில் நின்றுவிட்டது. நானும் அங்கேயே பார்த்தேன். "தண்ணி கொண்டாரேன்பா" என்று எழுந்து போனது. திரும்பி வரும்போது முகம் கழுவியிருந்தது. தண்ணீர் கொண்டுவர மறந்துவிட்டது.

பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகச் சொன்னது. "கட்டும்போதே அது எங்க இருக்கப் போகுதுன்னு அவன் சொல்லியிருக்கான்பா. அந்த இடம் அதுக்குள்ளயே பதிஞ்சு போச்சு. எழுத்துரு வேணும்னாலும், பொத்தான் படம் வேணும்னாலும், அது சு.இளம்பரிதின்னுதான் தேடிப் போகும். நாம வெளிய பேரை மாத்துனது அதுக்குத் தெரியாது. அதைப் பொறுத்தவரைக்கும் அமரர் சு.இளம்பரிதின்னு யாருமே இல்ல."

யாருமே இல்லையாம், தம்பி. பெட்டிக்கு இன்னும் சேதி போகவில்லை.

பிறகு அவன் என்றைக்கோ தட்டின வரிகளை எடுத்துக் காட்டியது. தட்டினது எல்லாம் அப்படியே இருக்குமாமே. மேக் இன்ஸ்டால். மேக் இன்ஸ்டால். மேக் இன்ஸ்டால். அதற்குக் கீழே மறுபடி கான்ஃபிகர், ப்ரீஃபிக்ஸ், அவன் பேர்.

"பாருங்கப்பா, மூணு தடவை பொது இடத்துலயே போடப் பாத்திருக்கான். அனுமதி கிடைக்கல போல. அதுக்கப்புறம்தான் தன் பேருல வச்சிருக்கான். ஏன் கிடைக்கல?"

"மெஷின் கோளாறா இருக்கும்மா" என்றேன்.

அது என்னையே பார்த்தது. அப்புறம் சொன்னது: "இப்ப ரெண்டு வழி இருக்குப்பா. மூலம் இதுலயே இருக்கு. இப்பவே மறுபடி கட்டிப் பொது இடத்துல வச்சிருவேன், ஒரு மணி நேர வேலை. அதுக்கப்புறம் அவன் பேருக்கும் சாஃப்ட்வேருக்கும் சம்பந்தம் இருக்காது. அடைவுக்கு நீங்க என்ன பேர் வேணும்னாலும் வச்சுக்கலாம். பாஸ்வேர்ட் மட்டும் நீங்க தட்டணும்." கீபோர்டை என் பக்கம் நகர்த்தியது. நகர்த்திவிட்டு, சொன்னால் நம்ப மாட்டீர்கள், தானாகவே சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டது.

அந்த முதுகைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். பாஸ்வேர்ட் நினைவில் இருந்தது. நன்றாக நினைவில் இருந்தது. அவன் மூன்று தடவை கேட்ட அன்றைக்கும் நினைவில்தான் இருந்தது.

"ரெண்டாவது வழி என்னம்மா?" என்றேன்.

"நீங்க முன்னால போட்டதை எடுத்துரணும்."

நானே எடுக்கிறேன் என்று சொன்னேன். அந்த அடைவைத் தொட்டு, பேருக்கு முன்னால் போய் நின்று, ஒவ்வொன்றாகப் பின்னாலிருந்து அழித்தேன். முதல் தட்டில் இடைவெளி போயிற்று. அடுத்த தட்டில் புள்ளி மட்டும் போயிற்று. பிறகு ஒரு ர. அப்போது 'அமர' என்று நின்றது. யாரையோ உட்காரச் சொல்கிற மாதிரி. அங்கே கொஞ்சம் நின்றுவிட்டேன். அப்புறம் இன்னொரு ர, ம, அ. ஆறு தட்டு. அதற்குமேல் தட்டினாலும் அழிய ஒன்றும் இல்லை. அவன் பேருக்கு முன்னால் என் எழுத்து ஒன்றுதான் இருந்தது.

சாஃப்ட்வேரை அமுக்கினேன். திறந்தது தம்பி. ஒன்றுமே நடக்காத மாதிரி, 'வணக்கம்' என்று போட்டுக்கொண்டு திறந்தது.

நிலோஃபர் பஸ் வரைக்கும் வந்தது. பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு வந்தது. ஏறினதும் ஜன்னல் வழியாக, "போஸ்டர் ஒண்ணு எனக்கும் அனுப்புங்கப்பா" என்றது. அனுப்புகிறேன் என்றேன். எந்தச் சுவரில் ஒட்டுமோ தெரியவில்லை.

காரியாபட்டி வந்துவிட்டதா? நீங்கள் இங்கேதான் இறங்க வேண்டுமா? ஒரே நிமிஷம் தம்பி, கண்டக்டரிடம் நான் சொல்கிறேன், சாமி சொன்னால் பஸ் நிற்கும். என் சட்டைப் பையில் ஒரு தாள் இருக்கிறது, எடுங்கள். என் கை பெட்டியைப் பிடித்திருக்கிறது. பழைய தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன். மாட்டுத்தாவணியில் உட்கார்ந்து புதிதாக எழுதினது. நாளைக்குக் காலையில் கடையைத் திறந்து இதை அடிக்க வேண்டும். சொந்த வீட்டு விஷயத்தில் பிழை கண்ணுக்குத் தெரியாது, வேறு ஆள்தான் பார்க்க வேண்டும். நீங்கள் பார்த்துச் சொல்லுங்கள்.

தேதி சரிதான், அதைப் பார்க்க வேண்டாம். சு சரியாக இருக்கிறதா? இருக்கிறதா, நல்லது.

முன்னாலேயா? இல்லை, அது விட்டுப்போகவில்லை. எழுத வரவில்லை, அதனால் கொஞ்சம் இடம் விட்டு வைத்திருக்கிறேன். அடிக்கிறதுக்கு முன்னால் போட்டுக்கொள்ளலாம்.

நீங்களே பார்த்துச் சொல்லுங்கள் தம்பி. நாலு எழுத்து. அந்த இடம் காணுமா?